வீட்டுப் பட்டறையில் கத்தி எஃகுக்கு அனீலிங்: முழுமையான வழிகாட்டி

லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கத்தி வடிவத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. கைப்பிடி ஆணிக்குத் துளை போடலாமென்று டிரில்லை வைத்தால் கிறீச்சென்று கத்துகிறது. பிட்டின் முனை நீலம் பாரிக்கிறது, இரும்பில் ஒரு பளபளப்பான பொட்டு மட்டும் விழுந்திருக்கிறது. அரம் போட்டால் கடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. இந்த இடத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே யோசனைதான் வரும்: காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடாக்கு, சாம்பலில் புதை, காலையில் எடு. எஃகை இப்படிச் சூட்டால் மிருதுவாக்கும் வேலைக்குத்தான் அனீலிங் என்று பெயர்.

பட்டைக்கு அது நல்ல யோசனை. பழைய அரத்துக்கும் பேரிங் வளையத்துக்கும் கெட்ட யோசனை. அவற்றை அப்படிச் செய்தால் துளை போடுவதும் சுலபமாகாது, பின்னால் கத்தி விரிசல் விடுவதற்கும் நாமே வழி செய்து கொடுத்தது போலாகும். அதனால் சூட்டுக்கு முன்னால் கையில் இருப்பது எந்த எஃகு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முறையை அதற்கப்புறம்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

உள்ளே நடப்பது என்ன

இதைத் தெரிந்துகொள்ளாமலும் அனீலிங் செய்யலாம். ஆனால் எங்கே தப்பு நடந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எஃகில் இருக்கும் கார்பன், சாதாரண வெப்பத்தில் இரும்போடு சேர்ந்து கார்பைடாக நிற்கிறது. கார்பைடு மிகக் கடினமான பொருள். சுற்றியிருக்கும் சுத்த இரும்பு மிருதுவானது. சாதாரண கார்பன் எஃகை 727 டிகிரி செல்சியசுக்கு மேல் கொண்டுபோனால் கார்பைடு இரும்புக்குள் கரையத் தொடங்கும். அங்கிருந்து எண்ணெயில் முக்கினால் கார்பன் வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொள்ளும். அதுதான் மார்ட்டென்சைட், கத்தியின் கடினம். காற்றில் ஆறினால் இரும்பும் கார்பைடும் மெல்லிய தகடுகளாக மாறி மாறி அடுக்கிக்கொள்ளும். இதற்குப் பேர்லைட் என்று பெயர். மிக மெதுவாக ஆறினால் அந்தத் தகடுகள் தடிமனாகும், எஃகு மிருதுவாகும். கார்பைடு தகடாக இல்லாமல் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்டுவிட்டால் இன்னும் மிருது. அரமும் டிரில்லும் இரும்பை மட்டும் வெட்டிக்கொண்டு உருண்டைகளை ஓரம் தள்ளிவிட்டுப் போய்விடும்.

எவ்வளவு கார்பன் என்பதில்தான் முறை பிரிகிறது. சுமார் 0.77 சதவீதம் என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருக்கும் எஃகை முழுக்கக் கரைய விட்டு மெதுவாக ஆற்றினால், கூடுதலாக இருப்பது மிருதுவான இரும்புதான். கவலையில்லை. கோட்டுக்கு மேலே இருந்தால் கூடுதலாக இருப்பது கார்பைடு. மெதுவாக ஆறும்போது அது எஃகுமணிகளின் (எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களின்) எல்லைகளில் வந்து வலை மாதிரி படிந்துவிடும். விரிசல் ஓடுவதற்கு அந்த வலைதான் பாதை. தோய்ச்சலுக்கு, அதாவது எண்ணெயில் முக்கி இறுக்குவதற்கு, வழக்கமாகக் கொடுக்கும் 800 டிகிரிச் சூட்டில் அது கரையவும் கரையாது. சாம்பல் வாளியில் அரத்தைப் புதைக்கிறவர்கள் இரவெல்லாம் செய்வது இந்த வலையைப் பின்னுகிற வேலை.

கையில் இருப்பது என்ன

லாரி, டிராக்டர் ஸ்பிரிங் பட்டைகள் நம் ஊரில் பெரும்பாலும் 65எஸ்ஐ7, இஎன் 45, எஸ்யூபி 9, 50சிஆர்வி4 மாதிரியான ரகங்கள். கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.65 சதவீதம் வரை. கூடவே சிலிக்கானோ குரோமியமோ மாங்கனீசோ இருக்கும். இந்தச் சேர்க்கைகளால் மெல்லிசாக அடித்த பட்டை வெறும் காற்றில் ஆறினாலே ஓரளவு இறுகிவிடும். “நான் எண்ணெயில் முக்கவே இல்லையே, ஏன் டிரில் இறங்கவில்லை?” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான்.

பேரிங் வளையம் என்றால் பெரும்பாலும் இஎன் 31, அதாவது 52100 வகை: 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். நல்ல பழைய அரங்களில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல். மலிவான அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டும் கடினம், உள்ளே சாதா இரும்பு. பல்லைத் தேய்த்துவிட்டு ஒரு ஓரத்தை வெட்டி, கிரைண்டரில் பொறி பாருங்கள். நடுப்பகுதியில் பொறி அடர்த்தியாக, பூப்பூவாக வெடித்தால் நல்ல அரம். நீளக் கோடுகளாக, அதிகம் வெடிக்காமல் போனால் அந்த அரத்தில் கத்தி செய்ய வேண்டாம்.

கடையில் வாங்கும் 1084, 1095 (இரண்டும் சாதாக் கார்பன் எஃகு ரகங்கள்), இஎன் 31 பட்டைகள் பெரும்பாலும் அனீல் செய்யப்பட்டே வரும். அடிக்காமல் தேய்த்து மட்டும் கத்தி செய்பவராக இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையே இல்லை. நேராக டிரில் போடுங்கள்.

சாம்பலுக்கு அடங்காத கூட்டம் ஒன்று இருக்கிறது: டி2 என்ற கருவி எஃகு, 440சி மாதிரி ஸ்டெயின்லெஸ், பவர் ஹேக்ஸா பிளேடாக வரும் ஹைஸ்பீடு எஃகு. இவை காற்றிலேயே முழுக்க இறுகுபவை. இவற்றை மிருதுவாக்க மணிக்குப் பத்து இருபது டிகிரி என்ற வேகத்தில் குறைக்கத் தெரிந்த மின்சூளை வேண்டும். கரி உலையில் முயல வேண்டாம். ஹேக்ஸா பிளேடை இருக்கிற கடினத்திலேயே தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்துக் கத்தியாக்குவதுதான் புத்திசாலித்தனம்; துளைக்கு கார்பைடு பிட் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இரும்பு இப்போது இருக்கும் நிலை. இதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. பழைய அரமோ பேரிங்கோ பட்டையோ, அடிக்காமல் வெட்டித் தேய்க்கத்தான் போகிறீர்கள் என்றால், அது ஏற்கெனவே கம்பெனியில் தோய்ச்சல் போட்ட எஃகு. தோய்ச்சல் போட்ட எஃகில் கார்பைடு உருண்டை திரள்வது மிக வேகமாக நடக்கும், 727ஐத் தாண்டவே வேண்டாம். கீழே வரும் இரண்டாவது முறையை நேராகச் செய்தால் போதும். தாண்டிவிட்டுப் பிறகு சாம்பலில் போடுவது, இருந்த நல்ல நிலையைக் கலைத்துவிட்டு அதைவிட மோசமானதை வாங்கிக்கொள்வது.

நெருப்புக்கு முன்னால்

இரண்டாவது முறைக்குக் குழாய் தேவைப்படும், அது ஜிஐ பைப்பாக இருக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகும், சுவாசித்தால் குளிர் காய்ச்சல் வரும். கருப்பு எம்.எஸ். பைப்தான் வேண்டும். குரோம் பூச்சு உள்ள பாகங்களும் உலைக்கு ஆகாது. பேரிங்கை முழுசாக ஒருபோதும் நெருப்பில் வைக்காதீர்கள். சீல் போட்ட பேரிங் உள்ளே கிரீசோடு வெடிக்கும். வளையத்தைத் தனியாகப் பிரித்து, கிரீசைத் துடைத்து எடுத்த பிறகே சூடு. சூடாக்குவதற்கு முன் அதைச் சுத்தியலால் தட்டினாலும் சில்லு தெறிக்கும்; கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெப்பத் தடுப்பாக வைக்கும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது; அதை விட்டுவிடுங்கள். கரி உலையை மூடிய அறையில் எரிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் அனீலிங் மணிக்கணக்கில் நடக்கும் வேலை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

வெப்பத்தை அளக்க கே டைப் தெர்மோகப்பிளும் ஒரு டிஜிட்டல் மீட்டரும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மூன்று மலிவான கருவிகள் இருக்கின்றன. ஒன்று காந்தம். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த கருப்புக் காந்தத்தை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பளபளக்கும் சின்ன நியோடிமியம் காந்தம் சூடு பட்டால் சக்தியை இழந்துவிடும். இரண்டாவது சமையல் உப்பு. அது 801 டிகிரியில் உருகும். எஃகின் மேல் ஒரு கல் உப்பை வையுங்கள், நீராய் ஓடினால் 800ஐத் தாண்டியாயிற்று. ஆறிய பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் துரு. மூன்றாவது அலுமினியம். மின்கம்பியில் வரும் சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். இரண்டாவது முறைக்கு இதைவிட வசதியான தெர்மாமீட்டர் எனக்குத் தெரியாது.

நிறத்தை மட்டும் நம்புவதாக இருந்தால் வெயிலில் வேலை செய்யாதீர்கள். பட்டப்பகலில் 700 டிகிரி எஃகு கருப்பாகத் தெரியும், இருட்டில் அதே எஃகு பளிச்சென்று சிவந்திருக்கும். பொழுது சாய்ந்த பிறகு, ஒரே விளக்கு, ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் கண் பழகிவிடும்.

முதல் முறை: பட்டைக்குச் சாம்பல் வாளி

அடித்து முடித்த ஸ்பிரிங் பட்டைக்கும், 0.8 சதவீதத்துக்குக் கீழே கார்பன் உள்ள எந்த எஃகுக்கும் இது பொருந்தும்.

முதல் நாளே சாம்பலைச் சலித்து, கரித்துண்டும் கட்டியும் நீக்கி, ஒரு தகரத்தில் பரப்பி வறுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஈரச் சாம்பலில் சூடான எஃகைச் செருகினால் நீராவி கிளம்பி, மெல்லிய முனை சட்டென்று குளிர்ந்து, மிருதுவாக்கப் போன இடம் கல்லாகிவிடும். மாடித்தோட்டக் கடையில் கிடைக்கும் வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும் (மேலே சொன்ன பேர்லைட் வேறு) சாம்பலைவிட நல்லவை, தூசும் குறைவு. சுண்ணாம்புத் தூளைச் சிலர் பயன்படுத்துகிறார்கள்; வேலை செய்யும், ஆனால் கண்ணில் பட்டால் கேடு. மணல் வேண்டாம், அது சூட்டை இழுத்துக்கொள்ளும். பாத்திரத்துக்கு 20 லிட்டர் பெயிண்ட் டின் சரியாக இருக்கும், தகர டின்னாக இருக்க வேண்டும்.

இந்த முறை பலருக்குக் கைகொடுக்காமல் போவதற்குக் காரணம் சாம்பல் அல்ல, கத்தியின் தடிமன். நாலு மில்லிமீட்டர் எஃகில் சேமித்து வைக்கும் அளவுக்குச் சூடே கிடையாது. எவ்வளவு நல்ல சாம்பலாக இருந்தாலும் சில நிமிடங்களிலேயே 600க்குக் கீழே இறங்கிவிடும். அனீலிங்கில் மெதுவாகப் போக வேண்டிய இடம் 727க்கும் 600க்கும் நடுவே மட்டும்தான். அங்கே வேகமாகப் போய்விட்டு, அதன் பிறகு பத்து மணி நேரம் சாம்பலில் இருந்து பயனில்லை. ஆகவே கத்தியைத் தனியாகப் புதைக்காதீர்கள். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு சாதா இரும்புக் கட்டைகளைக் கத்தியின் நீளத்துக்கு வெட்டிவைத்துக்கொண்டு, அவற்றையும் ஆரஞ்சு நிறத்துக்குக் காய்ச்சி, கத்தியை நடுவில் வைத்துச் சேர்த்துப் புதையுங்கள். கட்டைகளின் சூடு கத்தியைப் பிடித்து நிறுத்தும். மிருதுத் தன்மையில் வித்தியாசம் முதல் தடவையே டிரில்லில் தெரியும்.

வேலை வரிசை இப்படி. வாளியில் பாதிச் சாம்பலைப் போட்டு, ஒரு பழுத்த இரும்பைக் கால் மணி நேரம் அதில் புதைத்து எடுங்கள், சாம்பல் வெதுவெதுப்பாகும். கட்டைகளை உலையில் முதலில் வையுங்கள், அவை காய நேரமாகும். கத்தியை வைக்கும்போது ப்ளோயரைக் குறைத்து, கனல் ஆழமாக இருக்கும் இடத்தில், காற்று நேரடியாகப் படாமல் வையுங்கள். கைப்பிடிப் பக்கம் முதலில் நிறம் எடுக்கட்டும். முனையும் வாயும் (வெட்டும் ஓரம்) மெல்லியவை, அவை முந்திக்கொண்டு காய்ந்துவிடும். அவற்றை முன்னும் பின்னும் நகர்த்தி வெளியே வைத்திருப்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது.

காந்தம் விட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டும், ஸ்பிரிங் பட்டைக்கு 815 முதல் 840 வரை. கோவைப்பழச் சிவப்பு தாண்டி, லேசாக ஆரஞ்சு கலக்கும் நேரம் அது. உப்பு உருகியிருக்கும். நிறம் முழுக்க ஒரே மாதிரி வந்த பிறகு மூன்று நான்கு நிமிடம் வைத்திருங்கள், அதற்கு மேல் வேண்டாம். சிலிக்கான் உள்ள பட்டை மேல்தோலில் கார்பனைச் சீக்கிரம் இழக்கும்.

எடுத்துப் புதைப்பது ஓரிரு நொடியில் முடிய வேண்டும். குறடு, வாளி, மூடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நாலு பக்கமும் பத்து சென்டிமீட்டராவது சாம்பல் இருக்க வேண்டும். மூடிவிட்டுப் போய்ப் படுங்கள். நடுவில் கிளறிப் பார்க்கும் ஆசை வரும். பார்த்தால் அந்த இடத்தில் காற்று புகும், அவ்வளவுதான்.

செங்கல் கட்டிய கரி உலை வைத்திருப்பவர்களுக்கு வாளியே வேண்டாம். வேலை முடிந்ததும் ப்ளோயரை நிறுத்தி, கத்தியைக் கனலுக்குள் நுழைத்து, மேலே சாம்பலை அள்ளிப் போட்டு மூடிவிட்டு மறுநாள் எடுங்கள். கிராமத்துக் கொல்லர்கள் வெகுகாலமாகச் செய்வது, பட்டைக்கு இன்றும் நல்ல முறை.

இரண்டாவது முறை: 727க்குக் கீழேயே நிற்பது

அரம், பேரிங், 1095 எல்லாவற்றுக்கும் இதுதான். பட்டைக்கும் இது பொருந்தும். எனக்கு ஒரே ஒரு முறைதான் அனுமதி என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். 650க்கும் 700க்கும் நடுவே எஃகை நிறுத்திவைக்கிறோம். எதுவும் கரையாது, வலை பின்ன வாய்ப்பில்லை. இருக்கிற கார்பைடு மெல்ல உருண்டையாகத் திரளும்.

நீங்கள் அடித்த கத்தி என்றால் அதற்கு முன் நார்மலைசிங் செய்ய வேண்டும். அடிக்கும்போது ஏறிய அதிகச் சூட்டால் எஃகுமணிகள் பெருத்திருக்கும், வலையும் தொடங்கியிருக்கலாம். மூன்று தடவை காய்ச்சிக் காற்றில் ஆற்றுவது வழக்கம், ஒவ்வொரு தடவையும் சூடு குறைய வேண்டும். இஎன் 31க்கு முதல் தடவை 900 டிகிரிக்குப் பக்கத்தில், நல்ல ஆரஞ்சு. வலை கரைய அவ்வளவு வேண்டும். அடுத்தது 840. கடைசியாகக் காந்தம் விட்டதும் எடுத்துவிடும் சூடு. சாதாக் கார்பன் எஃகுக்கு 870, 820, 780 என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் கத்தியை அசையாத காற்றில் தொங்கவிட்டு, நிறம் முழுக்கப் போய் இன்னும் சில நிமிடம் ஆறவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒரு பக்கம் காற்றுப் பட்டால் கத்தி வளையும்.

இந்த ஆற்றும் நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கவனித்துப் பாருங்கள். சிவப்பு மங்கிக்கொண்டே வரும். முனையும் வாயும் முதலில் இருளும். திடீரென்று, வெளியிலிருந்து எந்தச் சூடும் தராமலேயே, மங்கிய இடம் மறுபடி பளிச்சென்று சிவக்கும். அந்தச் சிவப்பு வாயிலிருந்து முதுகுப் பக்கமாக நகரும், அதன் முன்னால் ஒரு கருநிழல் ஓடும். கரைந்திருந்த கார்பன் கார்பைடாக வெளியே வரும்போது விடும் வெப்பம் அது. காய்ச்சும்போது இதற்கு நேர்மாறாக, வெளிச்சமான கத்திக்குள் நிழல்கள் நெளிந்து, ஒவ்வொன்றாக மறையும். எஃகின் எல்லைக்கோட்டை அந்த எஃகே காட்டும் இடம் இதுதான், காந்தத்தைவிடத் துல்லியமானது. உங்கள் உலையில், உங்கள் வெளிச்சத்தில், நிழல் தொடங்கும் முன் இருந்த சிவப்பு எது என்று மனதில் பதியவைத்துக்கொண்டால் இந்த முறையில் பாதி முடிந்தது. அந்தச் சிவப்பைத் தாண்டக் கூடாது.

இப்போது குழாய். 50 மில்லிமீட்டர் கருப்பு எம்.எஸ். பைப், கத்தியைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு முனையைக் காய்ச்சித் தட்டி மடித்து அடைத்துவிடுங்கள். அடியில் இரண்டு கரித்துண்டு போடுங்கள், உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அவை தின்றுவிடும், சூட்டில் எஃகின் மேலே படியும் கருப்புச் செதில் குறையும். கத்தியை வைத்து, குழாயின் வாய்ப்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்தில் அலுமினியக் கம்பித் துண்டு ஒன்றை வையுங்கள். உருகிய அலுமினியம் கத்தியில் படக் கூடாது, அதற்குத்தான் கிண்ணம். குழாய் வாயைக் களிமண்ணால் பூசி, ஒரு ஆணித் துளை விடுங்கள். முழுக்க அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும்.

குழாயை உலையில் மெதுவாக ஏற்றுங்கள், திருப்பிக்கொண்டே இருங்கள். மங்கிய சிவப்பு வந்ததும் ஆணித் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு அலுமினியத்தைக் குத்திப் பாருங்கள். அதன் ஆக்சைடுத் தோல் உருகாது, அதனால் பார்வைக்குத் துண்டு அப்படியே இருப்பது போல் தெரியும், குத்தினால்தான் தெரியும். கம்பி உள்ளே இறங்கினால் 660 வந்துவிட்டது. மேல் எல்லைக்குக் காந்தத்தைக் குழாயின் மேலேயே வைத்துப் பாருங்கள். குழாய் காந்தத்தை விட ஆரம்பித்தால் வெளியே 770, உடனே காற்றைக் குறையுங்கள். உள்ளே இருக்கும் கத்தி குழாயைவிடக் கொஞ்சம் பின்தங்கியே இருக்கும், அது நமக்குச் சாதகம்.

650க்கும் 700க்கும் நடுவே ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு. கேஸ் உலையில் சுலபம். வால்வைக் குறைத்து உலை வாயில் ஒரு சூளைச் செங்கல்லை வைத்தால் நிற்கும். கரி உலையில் கொஞ்சம் பொறுமை வேண்டும். அவ்வளவு நேரம் முடியாது என்றால் பத்து பத்து நிமிடமாக மூன்று தடவை காய்ச்சி ஆற்றுங்கள். உருண்டை முழுக்கத் திரளாது, ஆனாலும் டிரில் இறங்கும்.

ஆற்றுவதற்கு அவசரமுமில்லை, மெதுவாக ஆற்ற வேண்டிய கட்டாயமுமில்லை. 727ஐத் தாண்டவில்லையென்றால் குழாயை வெளியே எடுத்து வைத்தாலே போதும். தாண்டிவிட்டோமோ என்று சந்தேகம் இருந்தால் குழாயோடு சாம்பலில் புதையுங்கள். ஸ்பிரிங் பட்டை தாண்டியிருந்து, காற்றில் ஆறினால் மறுபடி இறுகிவிடும். அதிகக் கார்பன் எஃகு கொஞ்சமே தாண்டியிருந்தால், மெதுவாக ஆற்றினால் பாதகமில்லை. கரையாமல் நின்ற கார்பைடுத் துணுக்குகளின் மேலேயே புதியதும் வந்து ஒட்டி, உருண்டைகள்தான் பெரிதாகும்.

சூளை வைத்திருப்பவர்களுக்கு

கடைசியாகச் சொன்ன விஷயத்தைத்தான் கன்ட்ரோலர் உள்ள மின்சூளையில் வேண்டுமென்றே செய்கிறார்கள். இஎன் 31ஐ நார்மலைஸ் செய்துவிட்டு, 790 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, 650 வரை மணிக்கு நூறு டிகிரி வேகத்தில் இறக்கினாலும் உருண்டை வந்துவிடும். மணிக்குப் பத்து, இருபது டிகிரி என்று நாள் முழுக்க ஓட்டும் தொழிற்சாலை முறைக்கு இது நல்ல மாற்று. இதன் பின்னால் இருக்கும் மாற்றத்தை வெர்ஹோவன், கிப்சன் என்ற இரண்டு உலோகவியலாளர்கள் 1998இல் விரிவாக எழுதினார்கள். இதே வெர்ஹோவன்தான் ஆல்பிரட் பெண்ட்ரே என்ற அமெரிக்கக் கொல்லரோடு சேர்ந்து, தென்னிந்திய உருக்குக் கட்டிகளிலிருந்து அடிக்கப்பட்ட டமாஸ்கஸ் வாள்களின் வரியமைப்பை ஆராய்ந்தவர். ஒன்றரை சதவீதம் கார்பன் உள்ள அந்த உருக்கிலும் எல்லாம் கார்பைடு எங்கே, எந்த உருவத்தில் நிற்கிறது என்பதில்தான் அடங்கியிருந்தது.

0.8க்குக் கீழே உள்ள எஃகுக்கு இந்தக் குறுக்குவழி சரிவராது. கரையாமல் மிஞ்சும் கார்பைடு அதில் போதாது.

சரியாக வந்ததா

முதலில் மேலே இருக்கும் செதிலை ஒரு இடத்தில் தேய்த்து எடுங்கள். செதில் மேல் அரம் வழுக்குவதைப் பார்த்து எஃகு இன்னும் கடினம் என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். அதற்குக் கீழே மிருதுவான, கார்பன் இழந்த ஒரு தோலும் இருக்கலாம், அது எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். அரை மில்லிமீட்டர் ஆழம் தேய்த்த பிறகு வரும் இரும்புதான் நிஜம். இதனாலேயே அனீலிங்குக்கு முன் வாயை மெல்லிசாக்கக் கூடாது, இரண்டு பக்கமும் அந்த அரை மில்லியை மிச்சம் வையுங்கள்.

நல்ல அரம் நிறுத்தாமல் கடிக்க வேண்டும். சென்டர் பஞ்சால் ஒரு தட்டு, தெளிவான குழி விழ வேண்டும். பிறகு 5 மில்லிமீட்டர் பிட், மெதுவான வேகம், ஒரு சொட்டு எண்ணெய். சுருள் சுருளாக இரும்பு வந்தால் வெற்றி. பொடியாக வந்து சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கள். அழுத்திக்கொண்டே இருந்தால் துளையின் அடி அந்தத் தேய்மானச் சூட்டில் இறுகிவிடும், அதன் பிறகு நல்ல பிட்டும் இறங்காது. ஓரிடத்தில் மட்டும் கடினமாக இருந்தால், அது பெரும்பாலும் முனையோ வாயோதான். சாம்பலின் ஓரத்துக்குப் போயிருக்கும், அல்லது 727ஐத் தாண்டியிருக்கும். இரண்டாவது முறையை இன்னொரு தடவை செய்தால் சரியாகிவிடும்.

தோய்ச்சலுக்குப் போகும் முன்

அனீல் ஆன எஃகை நேராகத் தோய்ச்சலுக்குக் கொண்டுபோகிறவர்கள் “எண்ணெயில் முக்கியும் கடினம் ஏறவில்லை” என்று குழம்புவதுண்டு. உருண்டையாகத் திரண்ட கார்பைடு கரைய நேரம் எடுக்கும். சூளை இருந்தால் 1095ஐ 800க்குப் பக்கத்திலும், இஎன் 31ஐ 830 அளவிலும் ஐந்து முதல் பத்து நிமிடம் நிறுத்திவைத்து முக்குங்கள். கரி உலையில் அப்படி நிறுத்த முடியாது. அதனால் துளை, அரவேலை எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு நார்மலைசிங் கொடுங்கள். உருண்டைகள் மெல்லிய தகடுகளாக மாறும், அடுத்த சூட்டில் நிமிடக் கணக்கில் கரையும்.

அடித்தும் தேய்த்தும் கத்திக்குள் ஏறிய உள் அழுத்தத்தையும் அனீலிங் எடுத்துவிடும். அதன் பிறகு கிரைண்டரில் நிறையத் தேய்த்திருந்தாலோ தட்டி நேராக்கியிருந்தாலோ, தோய்ச்சலுக்கு முன் 650இல் அரை மணி நேரம் வைத்து ஆற்றினால் எண்ணெயில் வளைவது குறையும்.

எல்லாத் துளைகளையும் இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுங்கள், எட்டாவது ஆணி தேவைப்படுமோ என்ற சந்தேகத்தோடு நிறுத்தாதீர்கள். தோய்ச்சலுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது என்றால், முழுக் கத்தியையும் மறுபடி அனீல் செய்யத் தேவையில்லை. வெட்டும் பகுதியைத் தண்ணீர் டின்னில் செங்குத்தாக மூழ்க வைத்து, வெளியே நிற்கும் கைப்பிடிப் பாகத்தை மட்டும் டார்ச்சால் நீலம் தாண்டிச் சாம்பல் நிறம் வரும்வரை காய்ச்சி, தானாக ஆறவிட்டு, அதையே இன்னொரு முறை செய்யுங்கள். டிரில் இறங்கும். தண்ணீர் மட்டம் துளைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள், இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும்.